விசில் மாஸ்டர்

ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவாக வளர்ந்ததில் என் முயற்சி எதுவும் இல்லை. ஆனால் எல்லப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வரலாறு படிப்பிக்கப் போன முதல் வாரத்திலேயே அதிபர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஃபுட்போல் விளையாடியிருப்பீங்க" என்றார். கேட்ட மாதிரி இல்லை, தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. மாணவனாக இருந்த காலத்தில் உதைபந்தாட்டத்துக்கு நான் செய்த தொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடுகிறவர்களின் சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் காவல் காத்ததுதான். அதைச் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்த வாத்தியாருக்கு அதிபரிடம் 'இல்லை' என்று சொல்ல வாய் வருமா? "கொஞ்சம் சேர்" என்றேன். மறுநாள் நேர அட்டவணையில் என் பெயருக்கு நேரே உதைபந்தாட்டம் ஏறியிருந்தது.

பதுளை டவுனில் ஒரு விசில் வாங்கினேன். கழுத்தில் தொங்கவிட நீல நாடாவும். அறைக் கண்ணாடிக்கு முன்னால் அதை மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. முதல் நாள் பயிற்சியில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன். பையன்கள் அசையவில்லை. எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையும் சாக்குமாக இறங்கி வரத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவது கங்காணியின் விசில். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. நேரத்துக்கு முந்தி மலையை விட்டு இறங்கியதற்கு அவர்களுக்கு விழுந்த ஏச்சில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. "மாஸ்டர், ஒங்க வெளையாட்டுல எங்க கிலோ கொறைஞ்சுரும்" என்றார் ஓர் அக்கா, சிரிக்காமல். அன்றிலிருந்து விசில் கழுத்தில் ஆபரணமாகத் தொங்கியது. கூப்பிடுவதற்குக் கையைத் தட்டினேன். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது: விசில் மாஸ்டர்.

மைதானம் என்று நான் சொல்லப்போவது பழைய பெரட்டுக்களம். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த இடம். வரிசையாக நிற்பதற்குச் சமதரை தேவையில்லை என்று துரைமார் நினைத்திருக்க வேண்டும். ஒரு பக்கக் கோலுக்கும் மறு பக்கக் கோலுக்கும் ஓராள் உயரம் வித்தியாசம். மேலே இருந்து அடித்தால் பந்து தானாகப் போகும். கீழே இருந்து அடித்தால் தானாகத் திரும்பி வரும். எல்லையைத் தாண்டினால் தேயிலைச் செடி, அதற்கும் கீழே கான், அதற்கும் கீழே தண்ணீர்ப் பீலி. பந்தைத் தேடி எடுத்துவர ஒருவன் ஓடினால் மற்றவர்கள் குந்தியிருந்து கதைப்பார்கள். எங்கள் அணியில் நல்ல ஓட்டக்காரர்கள் உருவானதற்கு நான் காரணமில்லை, அந்தச் சரிவுதான்.

சரிவு போதாதென்று காற்று. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வீசும் உலர்ந்த காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாவுக்கு மதிப்புக் கூடும் பருவம் அது. தேயிலைக்கு நல்லது கோல் காப்பாளனுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் பையன் உதைத்த பந்து நமுனுகுலையைப் பார்த்துக் கிளம்பி, நடுவானத்தில் மனம் மாறி, அவன் தலைக்கு மேலாகவே திரும்பிப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்கு என்ன ஆலோசனை சொல்வது என்று எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. "கொஞ்சம் மெதுவா அடி" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

யாரையாவது பார்த்துப் பழகலாம் என்று எண்ணியிருந்த நேரத்தில் அமெரிக்காவே தேடி வந்தது. எல்ல இன்றைக்கு வெள்ளைக்காரர் நடமாட்டம் மிகுந்த ஊர். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க உலகமே வருகிறது. கோச்சி வரும் நேரம் ரயில்வேக்காரரைவிட எங்கள் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் பாலம் பார்க்க வந்த அலபாமாக்காரக் கிழவர் ஒருவர் என் நீல நாடாவைக் கண்டு நின்றார். நான் கோச் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். ஊருக்குப் புறப்படும்போது தடித்த புத்தகம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அட்டையில் கட்டம் போட்ட தொப்பியும் கல்முகமுமாக ஒரு மனிதர். பக்கத்தில் ஒரு பந்து, உரிக்காத தேங்காய் மாதிரி. இது வேறு ஆட்டம் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். கோச் என்றால் கோச்தானே என்று படிக்கத் தொடங்கினேன்.

தொப்பிக்காரரின் பெயர் பால் பிரையன்ட். 1913இல் ஆர்கன்ஸாவில் பிறந்தவர். சின்ன வயதில் காட்சிக்கு வந்த கரடி ஒன்றோடு மல்லுக்கு நின்றதால் கடைசி வரை 'கரடி' பிரையன்ட். 1945 முதல் 1982 வரை நான்கு பல்கலைக்கழகங்களில் அமெரிக்க ஃபுட்போல் பயிற்றுவித்து 323 ஆட்டங்களை வென்றார். அலபாமாவில் மட்டும் ஆறு தேசியப் பட்டங்கள். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களிடம் செத்துப்போவேன் என்ற பொருளில் பதில் சொல்வாராம். 1982 டிசெம்பர் 29இல் கடைசி ஆட்டம், அடுத்த ஜனவரி 26இல் மாரடைப்பு. சொன்ன சொல்லை இந்த அளவுக்குக் காப்பாற்றிய பயிற்றுவிப்பாளர் வேறு யாரும் இருக்கமாட்டார்.

என்னைக் கெடுத்தது 1954ஆம் ஆண்டு அத்தியாயம். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியைப் பொறுப்பெடுத்த கையோடு பிரையன்ட் நூறு பையன்கள் வரை இரண்டு பஸ்களில் ஏற்றி, ஜங்ஷன் என்ற வறண்ட சிற்றூருக்குக் கொண்டுபோனார். பத்து நாள் முகாம். கொளுத்தும் வெயில், கல்லும் முள்ளுமான தரை, பயிற்சி நேரத்தில் தண்ணீர் கிடையாது. பையன்கள் இரவோடிரவாக ஓடினார்கள். ஒருவன் வெயில் தாக்கிச் சாகக் கிடந்து பிழைத்தான். திரும்பி வர ஒரு பஸ் போதுமாக இருந்தது. இரண்டு வருடத்தில் அந்த அணி தோல்வியே இல்லாமல் தன் கல்லூரி லீக்கின் பட்டத்தை வென்றது. இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை. முகாமுக்குப் போன அதே பருவத்தில் அவர்கள் பத்து ஆட்டத்தில் ஒன்பதைத் தோற்றார்கள் என்று மூன்று பக்கம் தள்ளி எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தையும் படித்தேன். படித்து என்ன, மனசில் நின்றது பஸ் மட்டும்தான்.

ஏப்ரல் விடுமுறையில் எங்கள் முகாம். ஒழுக்க விதிகளை அட்டையில் எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டினேன். நேரத்துக்கு வராதவன் அணியில் இல்லை. கதைப்பவன் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். பயிற்சி முடியும் வரை தண்ணீர் இல்லை. பையன்கள் முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த முகாமில் அவர்கள் உதைத்த உதையைப் பார்த்து அசந்துபோனேன். அதுவரை பத்தடி தாண்டாத பந்துகள் தேயிலைக்கு மேலாகப் பறந்தன. "இதுதான்டா கட்டுப்பாட்டின் பலன்" என்று உரக்கச் சொன்னதாகவும் ஞாபகம். பந்தை எடுக்க ஒருவனுக்கு நான்கு பேராக ஓடினார்கள். அணி ஒற்றுமை என்று அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்தவர்களின் தலைமயிர் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். கீழே பீலிக்கரையில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் மேலே வந்து, "ஏன் மாஸ்டர், பந்து எங்க வாளிக்குள்ளயே வந்து விழுவுது? புள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்னா கேட்டுக் குடிக்கச் சொல்லுங்களே" என்றார். மொத்த அணியும் குறி பார்த்துப் பீலிக்கு அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குறியில் பாதியைக் கோலுக்கு வைத்திருந்தால் நாங்கள் மாகாண மட்டம் போயிருப்போம்.

பஸ் விஷயத்திலும் பிரையன்டை நான் மிஞ்சினேன். முகாம் பாதியைத் தாண்டியபோது பந்து பிடிக்க ஆள் பற்றவில்லை. ஓடிப்போனவர்கள் வெகுதூரம் போகவில்லை. சித்திரைப் புத்தாண்டுக் கூட்டத்தில் பாலத்தடியில் நின்று பைகளைத் தூக்கிக்கொண்டும், சின்ன சிவனொளிபாதமலைக்கு வழி காட்டிக்கொண்டும் இருந்தார்கள். வழியில் என்னைக் கண்டால் ஒளிக்கவும் இல்லை, "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். ஜங்ஷனில் ஓடிப்போன பையன்களுக்கு வெட்கம் இருந்ததாகப் புத்தகம் சொல்கிறது. எங்கள் பையன்கள் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள், வெட்கப்பட நேரமில்லை.

லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பயிற்சியைத் தினமும் பார்க்கும் ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவர் இருந்தார். அவரிடம் இரண்டு பஸ், ஒரு பஸ் கதையைச் சொன்னேன், அமெரிக்கக் கல்லூரியின் உறுதியை அவரும் மெச்சட்டும் என்று. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க தோட்டத்து டீமும் அப்படித்தான் மாஸ்டர் கொறைஞ்சிச்சு. முகாமெல்லாம் வைக்கல. சிறிமா சாஸ்திரி கையெழுத்து வச்சாங்க" என்றார். 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைக் காகிதத்தில் பிரித்த கதை. பத்தாம் வகுப்புக்கு நான் படிப்பிக்கிற பாடம். கோல் காப்பாளன் குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் போனான், வலப்பக்கத்துக்காரன் கூடலூருக்கு, தாத்தாவுக்கு மட்டும் இந்தப் பக்கத்துக் காகிதம் கிடைத்தது. "தலைமன்னார் கோச்சியில ஏத்திவிடப் போனப்ப பந்தையும் அவன்கிட்டயே குடுத்துட்டோம். கோலி இல்லாம பந்து எதுக்கு?" அதற்கு மேல் பிரையன்ட் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆனாலும் புத்தகத்தை மூடிவிடவில்லை. அலபாமாவில் பிரையன்ட் உயரமான கோபுரம் ஒன்றில் ஏறி நின்று, ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியைக் கண்காணிப்பார். எங்களுக்குக் கோபுரம் ஏது? மைதானத்து மூலையில் ஒரு பாறை. ஏறினேன். நான் சொன்ன எதுவும் கீழே கேட்கவில்லை, காற்று அதைத் தெமோதரைப் பக்கம் கொண்டுபோய்விட்டது. கேட்காததால் அன்றைக்குப் பையன்கள் மிக நன்றாக விளையாடினார்கள். இறங்கும்போது அட்டை ஒன்று கணுக்காலில் கவ்வியிருந்தது. காலை உதறி உதறி நான் ஆடிய ஆட்டத்தைப் பாதையில் போன இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் படம் பிடித்தார்கள். உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

ரஹீமை நான் சந்தித்தது 'மைதான்' படம் வந்த 2024இல். அஜய் தேவ்கன் ரஹீமாக அடிக்கடி சிகரெட் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்க்கிற படம். படம் எப்படியோ போகட்டும், அதற்குப் பிறகு தேடிப் படித்த ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார். காரணம் எளிது. சையத் அப்துல் ரஹீம் ஒரு வாத்தியார். 1909இல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக்கொண்டே பந்தைத் துரத்தியவர். 1950இல் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணியை எடுத்தார். அந்த வருடமே டூரண்ட் கிண்ணம். 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணம். இந்திய அணியோடு 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்பர்னில் அவுஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் அவருடையதுதான். நெவில் டிசோசா மூன்று கோல். 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11இல், நுரையீரல் புற்றுநோய். இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டில் அதற்குப் பிறகு தங்கத்தைப் பார்க்கவில்லை. (அதே ஜகார்த்தாவில் எங்கள் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் வெள்ளி வென்றார். அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ.யில் படித்தவர் அவர். அமெரிக்கக் கல்லூரி மைதானத்தை உண்மையாகவே மிதித்த தமிழர் இருக்க, நான் புத்தகத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன்.)

பிரையன்டை விட்டுவிட்டு ரஹீமைப் பிடித்தேன். புத்தி வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆள்தான் மாறினார்.

முதலில் வியூகம். அந்தக் காலத்தில் எல்லாரும் ஐந்து பேரை முன்னால் வரிசையாக நிறுத்தி ஆட, ஹங்கேரிக்காரர்கள் செய்ததைக் கவனித்த ரஹீம் நடு முன்னணிக்காரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். பிரேஸில் 1958இல் உலகக் கிண்ணத்தை வென்ற அமைப்புக்கு அவர் முன்னதாகவே வந்துவிட்டார் என்று இந்திய விமர்சகர்கள் பெருமைப்படுவார்கள். நான் கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியுமாக ஒரு பாடவேளை முழுதும் வரைந்தேன். எங்கள் நடு முன்னணிக்காரன் கெட்டிக்காரன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆட்டம் தொடங்கியதும் பின்னுக்கு வந்தான். இன்னும் வந்தான். எங்கள் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றவனிடம் என்னடா என்று கேட்டேன். "நீங்க எங்க நிக்கணும்னு சொல்லலியே சேர்." அம்புக்குறியின் முனையைப் பலகையின் ஓரம் வரை இழுத்தது நான்தான்.

அடுத்தது செருப்பில்லாக் கால். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. எங்கள் பையன்களும் வெறுங்கால் சூரர்கள்தான். ஹெல்சிங்கி கதையைச் சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு நல்ல மனிதரிடம் பூட்ஸ் கேட்டுக் கடிதம் எழுதினேன். அனுப்பினார், பெட்டி நிறைய. அளவு எழுத மறந்திருந்தேன். எல்லாம் அவர் ஊர்ப் பையன்களின் கால். முன்பக்கம் பழைய பத்திரிகையைத் திணித்துக்கொண்டு வலயப் போட்டியில் இறங்கினார்கள். பண்டாரவளைப் பக்கத்து மைதானம் தட்டையாக வேறு இருந்தது. சரிவில்லாத தரையில் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் பாதியில் பந்தைவிட அதிக தூரம் போனது ஒரு பூட்ஸ். ஹெல்சிங்கியில் இந்தியா ஒரு கோலாவது போட்டது.

அதைவிடப் பெரிய வினை பலமில்லாத கால் போட்டி. ரஹீம் ஹைதராபாத்தில் அப்படி நடத்தியிருக்கிறார். வலக்காலன் இடக்காலால் மட்டும் அடிக்க வேண்டும். பந்தை வைத்து வெட்டிக்கொண்டு ஓடக் கூடாது, உடனே தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. இரண்டுமே அருமையான யோசனை. ஒரு தவணை முழுக்க இடக்கால் பயிற்சி வைத்தேன். பிரச்சினை என்னவென்றால், நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த வருடம் வலயப் போட்டி, ஆட்டம் சமநிலை, எங்களுக்கு ஒரு தண்ட உதை. எங்கள் அணியிலேயே வலக்கால் இடி என்று பெயரெடுத்தவன் பந்தை வைத்தான், பின்னால் போனான், ஓடி வந்தான், இடக்காலால் அடித்தான். பந்து மூலைக்கொடிக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஏன்டா என்று கேட்டேன். "ஒங்க முன்னால வலக்கால்ல அடிச்சா நாலு ரவுண்ட் ஓடணுமே சேர்." பிரையன்டின் சுற்றையும் ரஹீமின் காலையும் ஒன்றாகக் கலந்து அவனுக்குக் கொடுத்தது நான்.

ஜகார்த்தா கதை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இஸ்ரேலையும் தாய்வானையும் வரவிடாத இந்தோனேசியாவை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்துவிட, ஊரே இந்தியர் மேல் கோபமாக இருந்தது. இலட்சம் பேர் கூச்சலிடும் அரங்கம். பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் அவரை இருத்திவைக்கவில்லை, முன்னணிக்கு அனுப்பினார். தென் கொரியாவோடு இறுதியாட்டத்தில் 2-1, ஒன்று பி.கே. பானர்ஜி போட்டது, மற்றது அந்தத் தையல் தலைக்காரர் போட்டது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இதைப் படித்த எந்தக் கோச்சுக்குத்தான் கை அரிக்காது? பின்கள வீரனை முன்னுக்கு அனுப்பினேன். உண்மையாகவே ஒரு கோல் போட்டான். கொண்டாட்டத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தபோது எதிரணி நான்கு போட்டது. அவன் போன இடத்தில் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ரஹீமிடமிருந்து நான் பழகியது ஒன்று உண்டு, அதுவும் மைதானத்துக்கு வெளியே. செகந்திராபாத்துக்குப் பக்கத்து அம்முகுடா என்ற இடத்தில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு ஏழைப் பையன். அம்மா பெயர் முத்தம்மா. பூட்ஸ் வாங்க வழியில்லாமல் செருப்புத் தைப்பவரிடம் பழைய பொலிஸ் சப்பாத்தை வெட்டித் தைத்துக்கொண்டவன். ரஹீம் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வா என்றார். அவ்வளவு தூரம் வர வழியில்லை என்றான். வாடகைச் சைக்கிளுக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார் ரஹீம். அந்தப் பையன் 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கும் ஆடினான். ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக இந்தியா போட்ட கோல்கள் அவனுடையவை. ஜகார்த்தா தங்கத்திலும் அவன் பங்கு உண்டு.

எங்கள் அணியில் நன்றாக ஆடுகிறவன் கீழ்ப் பிரிவிலிருந்து வருகிற பையன். பயிற்சிக்கு ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டான். கேட்டால் கடைசி பஸ் போய்விடும் என்பான். பலராம் கதையை அவனுக்கு விஸ்தாரமாகச் சொல்லி, கண் கலங்க வேண்டிய இடத்தில் நானே கலங்கி, பஸ் காசைக் கையில் வைத்தேன். அன்றிலிருந்து அவன் தவறவில்லை. மழை, காற்று, பரீட்சை, எதற்கும் நிற்கவில்லை. ஓய்வறையில் மற்ற ஆசிரியர்களிடம் ரஹீம் என்ற பெயரைச் சொல்லாமலே ரஹீம் செய்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாராவது "பெரிய மனசு சேர் உங்களுக்கு" என்றால் நீல நாடாவைத் தடவிக்கொள்வேன்.

சம்பளத்துக்கு அடுத்த நாள் எல்ல டவுன் கடையில் அவன் அம்மாவைக் கண்டேன். கோதுமை மா வாங்கிக்கொண்டிருந்தார். பையன் நேரத்துக்கு வீடு வந்துவிடுகிறானா, பஸ் கிடைக்கிறதா என்று விசாரித்தேன், நன்றி வரும் என்ற எதிர்பார்ப்போடுதான்.

"பஸ்ஸா? அவன் எப்பவும் ரயில் பாதையால நடந்துதான் மாஸ்டர் வர்றான். பஸ் சுத்திக்கிட்டு வரும், நடந்தா சுருக்கா வந்துரலாம்" என்றார்.

அப்படியானால் முன்பெல்லாம் ஏன் வரவில்லை?

"பாலத்துக்கிட்ட தெம்பிலிக் கடையில நிப்பான் மாஸ்டர். சாயந்தரம் கொஞ்சம் குடுப்பாங்க. இப்ப ஒங்ககிட்டயே வர்றதால மா வாங்கக் காணும்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டவர், நினைவு வந்தவராகத் திரும்பினார். "டிசெம்பர் லீவுலயும் பயிற்சி வைப்பீங்களா மாஸ்டர்? கடை அப்பவும் தொறந்திருக்கும். அவங்க இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

வடகீழ்ப் பருவ மழை பதுளைப் பக்கம் டிசெம்பரில் எப்படிக் கொட்டும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டுக்களம் குளமாக நிற்கும், மண்சரிவு எச்சரிக்கை வரும், அதிபர் ஊருக்குப் போய்விடுவார், நானும் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

"வைப்பேன்க்கா" என்றேன்.

மற்றப் பையன்களுக்கு அன்றே செய்தி போய்விட்டது. திங்கட்கிழமை காலை வகுப்பறை வாசலில் அணி முழுவதும் வரிசையாக நின்றது. எல்லாரும் ஒவ்வொரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்களாம்.